குளவியின் தலையீற்று

வேப்பிலை வாசனை நிறைந்த அந்தப் பின்னறையில், ஜன்னல் கண்ணாடியில் காதை ஒட்டிவைத்தால், யாரோ நகத்தால் காகிதத்தைத் தட்டுவதுபோல் விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் ஜன்னல் சட்டத்தில், வெளிப்புறமாக, ஒரு குளவி தன்னந்தனியாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதினோரு வயது. உடம்பெல்லாம் அம்மை. கோடை விடுமுறையில் மற்ற பிள்ளைகள் தெருவில் ஆட, நான் எரிச்சலோடு அந்தக் கூட்டையே பார்த்துக் கிடந்தேன்.

பக்கத்து வீட்டு மாமா கூட்டைக் கொளுத்தப் பந்தத்தோடு வந்தார். அம்மா விடவில்லை. "ஆத்தா வந்திருக்கிற வூட்ல நெருப்பு காட்டக் கூடாதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். எனக்கு "இறங்கிய" கையோடு தம்பிக்குப் "போட்டது". அந்தச் சாக்கில் கூடு கோடை முழுக்கத் தப்பியது.

மரத்தைச் சுரண்டி மென்று, சாம்பல் நிறக் காகிதம்போல் ஆக்கி, அறை அறையாக அது கட்டியது. அறைக்கு ஒரு முட்டை. புழுக்கள் வெளிவந்ததும், எங்கிருந்தோ பச்சைப்புழுவைப் பிடித்து மென்று உருட்டிக்கொண்டுவந்து ஊட்டும். ஊட்டும் நேரத்தில் தலையிலிருக்கும் இரண்டு கொம்புகளாலும் அறை விளிம்பைப் படபடவென்று தட்டும். நான் கேட்ட சத்தம் அதுதான். குளவி பிடித்துவரும் புழுதான் பிறகு குளவியாக மாறுகிறது என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்கள். அறைக்குள் இருப்பது அதன் சொந்தப் பிள்ளை, முட்டையை நானே பார்த்தேன் என்று சொன்னால் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டது அக்காதான். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூக்கம். அம்மா ஒரு கேன்டீனில் கான்ட்ராக்டில் சமையல் வேலைக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். அக்கா கஞ்சி காய்ச்சினாள், வேப்பிலை மாற்றினாள், சொறியப் போன என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருடம்தான் அவள் பத்தாவது எழுதியிருந்தாள். வகுப்பிலேயே அவள்தான் முதல் மார்க்.

கூட்டில் மூடியிருந்த அறைகளைக் கடித்துக்கொண்டு முதலில் வெளிவந்தவை எல்லாம் தாயைவிடச் சிறிய பெண் குளவிகள். சிறகு இருந்தும் அவை எங்கும் போய்விடவில்லை. இரை தேடின, தங்கைப் புழுக்களுக்கு ஊட்டின. தாய் வெளியே போவதையே குறைத்துக்கொண்டது.

பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கியபோது அம்மா, "இந்த ஒரு வருசம் அவ வூட்டப் பாத்துகினு இருக்கட்டும், சின்னவன் தேறட்டும்" என்றாள். நான் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அப்பாவிடம் போனால், அம்மாவைக் கேள் என்றார். அம்மாவிடம் போனால், அப்பாவே சொல்லிவிட்டார் என்றாள். அக்கா தன் புத்தகப் பையைத் துவைத்து எனக்குத் தந்தாள். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. அவளுக்குத் தராத பிளஸ் ஒன்னை நான் கேட்காமலே எனக்குத் தந்தார்கள், கல்லூரிக்கும் அனுப்பினார்கள்.

விலங்கியல் வகுப்பில்தான் அந்தச் சத்தத்தின் பொருள் தெரிந்தது. சில வகைக் குளவிகளில், தனியாகக் கூடு தொடங்கும் தாய், தலையீற்றுப் பெண்களை அரைவயிறாக ஊட்டி, அறை அதிரத் தட்டியே வளர்க்கிறது. அந்த அதிர்விலேயே அவற்றின் உடம்பில் கொழுப்பு சேராமல் போகிறது, அவை உழைப்பாளிகளாகவே நின்றுவிடுகின்றன என்று கருதுகிறார்கள். பின்னால் பிறப்பவை, ஊட்டுவதற்கு அக்காக்கள் இருப்பதால், வயிறாரத் தின்று, தட்டலும் குறைந்து, நாளைக்குத் தனிக்கூடு கட்டும் தாய்களாகின்றன. தாய் ஒன்றுதான், வளர்ப்புதான் வேறு.

கொதிப்போடு ஊருக்கு வந்து அதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "உன்னையும் அம்மா அப்படித்தான் ஆக்கிடுச்சு."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அந்தக் குளவிக்கு வேற யாரு இருந்தா? தனியாத்தான கட்டிகினு இருந்துச்சு" என்றாள். எனக்காகக்கூட அவள் ஒருமுறை கோபப்பட மாட்டாளா என்றிருந்தது.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இப்போது அந்த பிளாக்கில் ஆளில்லை. பல வீடுகளில் கதவும் ஜன்னலும்கூடக் கழன்றுபோய், உள்ளே புதர் மண்டிக் கிடக்கிறது. அப்பா இறந்தபின் அம்மா வடலூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, இத்தனை வருடம் கழித்து அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், அக்காவை ஏன் படிக்கவைக்கவில்லை என்று.

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவளுக்குத்தான் படிப்பே ஏறலியே."

வகுப்பில் முதல் மார்க் வாங்கிய அந்தப் பெண் அம்மாவின் நினைவில் எங்குமே இல்லை. பதறிப்போய் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, எனக்கு எங்க ஏறுச்சு" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.