ஆல்பனியில் ஏழும் இரண்டும்

சனிக்கிழமை காலை 6.40. எடிசனிலிருந்து ஆல்பனிக்கு நூற்று அறுபத்தைந்து மைல். அங்கே தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு நானும் ஸ்டெல்லா அக்காவும் நடுவர்கள். எடிசனில் ஞாயிறுதோறும் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு நான் செயலாளர். நூற்று நாற்பது பிள்ளைகள். பதினேழு மைல் தள்ளி, பிளெயின்ஸ்பரோவில் அக்கா சனிக்கிழமைப் பள்ளி நடத்துகிறார், பத்தொன்பது பேர். அன்று அவர் பள்ளிக்கு விடுமுறை. அங்கே ஆசிரியர் ஒருவர் டெக்சாஸுக்குக் குடிபோகிறார், பதிலுக்கு ஆள் இல்லை. எங்களோடு சேராவிட்டால் கோடையில் பள்ளியை மூடவேண்டியதுதான். சேர்வதா வேண்டாமா என்று இரண்டு பள்ளி நிர்வாகக் குழுக்களும் மறுநாள் முடிவெடுக்க இருந்தன.

வழியில் இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காபி மூன்றே முக்கால் டாலர் என்றதும் அக்கா என்னைக் காருக்கே இழுத்துவந்து பிளாஸ்க்கைத் திறந்தார். திருச்சிக்காரர், காபி விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார்.

காலை 10.15. போட்டி இரண்டு மணிக்குத்தான். ஹட்சன் ஆற்றுப் பக்கம் பிராட்வேயில் நடந்தோம். பழைய நகர மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அதைச் சொல்லும் பலகைதான் மிச்சம். வரலாறு என்றால் எனக்கு வாய் நிற்காது. 1754இல், அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, ஏழு காலனிகளின் பிரதிநிதிகள் இங்கே கூடி, எல்லாக் காலனிகளுக்கும் பொதுவாக ஓர் ஆட்சி வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். எங்கள் நியூ ஜெர்சி மட்டும் ஆள் அனுப்பவில்லை என்றதும் அக்கா சிரித்துவிட்டார். பொது மன்றத்தில் பெரிய காலனிக்கு ஏழு இடம், சின்னதற்கு இரண்டு, என்ன நியாயம் பாருங்கள் என்றேன்.

“உங்க ட்ராஃப்ட்லயும் எங்களுக்கு ரெண்டுதானே தம்பி?”

என் பையில் இருந்த இணைப்பு வரைவில், புதுக் குழுவில் எங்களுக்கு ஏழு இடம், அவர்களுக்கு இரண்டு. அதை நான் அவருக்குக் காட்டவில்லை. யாரோ ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள்.

“ஒவ்வொரு பேரன்ட்டையும் போன் பண்ணிக் கெஞ்சிச் சேர்த்த ஸ்கூல் இது. ரெண்டு சீட்ல உக்காந்து நான் உங்களுக்குக் கை தூக்கணுமா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வரைவை எடுத்துச் சுவரில் வைத்து, ஏழையும் இரண்டையும் அடித்து, ஆளுக்கு நான்கு என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த 1754 திட்டம் என்ன ஆனது என்று அக்கா கேட்டார். மனசில்லாமல் சொன்னேன். கூடியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஊருக்குக் கொண்டுபோனதும் ஒரு காலனிகூட ஏற்கவில்லை.

ஞாயிறு மாலை. எங்கள் குழுவுக்குச் சம இடம் பிடிக்கவில்லை. அவர்கள் குழுவுக்கு எடிசன்வரை வந்துபோகப் பிடிக்கவில்லை. இணைப்பு இரண்டு இடத்திலும் தோற்றது. போனில் அக்கா “விடுங்க தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை 9.10, பிளெயின்ஸ்பரோ. வழியெல்லாம் என் மகள், நாளைக்கும் பள்ளி இருக்கும்போது இன்றைக்கு எதற்கு என்று ஆங்கிலத்தில் முனகிக்கொண்டே வந்தாள். டெக்சாஸ் போகிறவரின் வகுப்பை இனி நான் எடுக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். வாசலில் அக்கா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எடிசன் ஆள் அனுப்பிடுச்சா?”

“அனுப்பல அக்கா. நானே வந்துட்டேன்.”