சீசன் முடிந்தபின்

இந்தத் தேசத்துக்கு எந்த மாதம் வந்தால் நல்லது என்று கேட்டுச் சீமையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடிதங்கள் வரும். தூத்துக்குடி பீச் ரோட்டுக் கப்பல் ஏஜண்ட் ஆபீசில் அவற்றுக்குப் பதில் எழுதுவது வில்பிரட் மச்சாதுவின் வேலை. இருபது வருடமாக அதே நாற்காலி, அதே கேள்வி. "அங்கே வியர்க்காத மாதம் எது?" என்று ஒரு துரைசானி கேட்டிருந்தாள். வியர்க்கக் கூடாதென்றால் சீமையிலேயே இருக்க வேண்டியதுதானே என்று முணுமுணுத்துக்கொண்டே, டிசம்பர் கடைசியில் புறப்பட்டுப் பிப்ரவரிக்குள் திரும்பிவிடும்படி மணிமணியாக எழுதி அனுப்பினார்.

அவர் கணக்கு தப்பாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். தை, மாசி உத்தமம். பங்குனியில் கடல் குளம்போலக் கிடக்கும். முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் அப்போதுதான் நடந்தது. வைகாசிக் கடைசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பி, ஆனி, ஆடி முழுக்க உப்பளத்துப் புழுதியை வாரிக் கடலில் கொட்டும். கரையை நெருங்கி வருகிற தோணியைக்கூட நடுக்கடலுக்குத் திருப்பித் தள்ளிவிடும். கொழும்புக்குப் போகிற வியாபாரிகள் வில்பிரட்டிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பயணம் வைக்க மாட்டார்கள்.

"எங்க அண்ணன் சொன்னா கடலே கேக்கும்" என்று தங்கை கிரேசி கேலி செய்வாள். தாய் தகப்பன் போனபின் வில்பிரட் கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் வளர்த்த பெண் அவள். கேலி செய்தாலும் அதை அவள் முழுதாக நம்பினாள் என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை.

அவளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை மரியான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். வெள்ளைக்காரர்களின் ஓட்டல்களுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டோரில் வேலை. நாற்பத்திரண்டாம் வருடம் ஈஸ்டர் அன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறு வாரமே மரியான் கடிதம் எழுதினான். கிரேசியை ஊருக்கு அனுப்ப வேண்டும். சண்டையால் கப்பல் நின்றுவிட்டது, தலைமன்னார் வழியில் கூட்டம் தாங்கவில்லை, தோணியில்தான் அனுப்ப வேண்டும், எப்போது அனுப்பினால் நல்லது?

தபால் போய்ச் சேர்ந்து தோணி அமைவதற்குள் கச்சான் கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டு, வில்பிரட் அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் சேர்த்தார்.

ஜூன் ஒன்பதாம் தேதி காலையில் ஆபீஸ் பியூன் சிவனாண்டி ஒரு தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தான். வெளியே ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. 'கிரேசி தோணியில் புறப்பட்டாள்' என்று இருந்தது. வில்பிரட் இரண்டு தரம் படித்தார்.

"இந்தக் காத்துலயா?" என்றார். "ஏலே சிவனாண்டி, இந்தக் காத்துலயா அனுப்பிருக்கான்?"

"யார அண்ணாச்சி?"

அவர் செருப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினார்.

மூன்று நாள் அவர் கடற்கரையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், முயல்தீவு விளக்கு வீட்டிலிருந்து வந்த ஆள் கிழக்கே ஒரு தோணிப் பாய் தெரிந்ததாகச் சொன்னான். கரையைப் பார்த்துத்தான் வந்ததாம். கச்சான் பிடித்துத் தள்ளத் தள்ள, வருவதும் பின்னால் போவதுமாக இருந்ததாம். பிறகு இருட்டிவிட்டது. விடிந்தபோது கடலில் ஒன்றுமில்லை. ஒரு பலகை, ஒரு துணி, ஒரு பிரேதம்கூடக் கரை ஒதுங்கவில்லை.

செத்தவளைப் புதைத்தால் அழுது தீர்த்துவிடலாம். வந்துகொண்டே இருக்கிறவளை என்ன செய்வது? அதற்குப் பிறகு வில்பிரட்டின் கண்ணில் வெள்ளையாக எது பட்டாலும் எழுந்துவிடுவார். உப்புக் குவியலாக இருக்கும், கொடியில் காய்கிற வேட்டியாக இருக்கும். உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவார். ஆனி பிறந்து காற்று ஜன்னலைத் தட்டினால், "இன்னும் கொஞ்சந்தாம்ளா, வந்திரு" என்று வாய்க்குள் சொல்லுவதைச் சிவனாண்டி பலமுறை கேட்டிருக்கிறான். அந்த ஒரு மாதம் அவன் அவர் மேசைப் பக்கம் போக மாட்டான்.

துக்கத்தை மிஞ்சி அவரிடம் கோபம் இருந்தது. அதுதான் அவரை நடமாட வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. "ஆவணிக்குப் பொறவு அனுப்புன்னு படிச்சுப் படிச்சு எழுதுனேன். சொன்ன பேச்சக் கேக்காம எந்தங்கச்சியக் கொன்னுட்டான்" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார். மரியானிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். ஊரும் நம்பியது. மாசத்தைத் தப்பாகச் சொல்கிற ஆளா வில்பிரட்?

சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய பின், ஒரு தை மாதத்தில், மரியான் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். நாற்பது வயசுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது.

"மச்சான்" என்றான்.

வில்பிரட் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?"

"நீங்க சொன்னபடிதானே செஞ்சேன் மச்சான். பொறவு எதுக்கு என்னைய ஒதுக்குறீங்க? அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்." சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து இற்றுப்போன ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அவர் கையெழுத்துதான். மணிமணியான கையெழுத்து. 'இப்போது அனுப்ப வேண்டாம். சீசன் முடிந்தபின் அனுப்பவும்.' அவ்வளவுதான் இருந்தது. ஆவணி என்ற சொல்லே அதில் இல்லை. மனுஷன் தான் நினைத்ததைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறான், எழுதியதை அல்ல.

"சீசன் முடிஞ்சதும் அனுப்பிட்டேனே" என்றான் மரியான். "ஏப்ரலோட நுவரெலியா சீசன் முடிஞ்சிது. குதிரப்பந்தயம் நின்னு, தொரைமாரெல்லாம் மலைய விட்டு எறங்கியாச்சு. அதுக்கு மேலயும் அஞ்சாறு வாரம் பொறுத்துத்தான் அனுப்புனேன்."

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்குச் சீசன் என்றால் ஒன்றுதான். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனியும் ஆடியும். மேற்கே குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவருகிற அதே காற்றுதான் கிழக்கே தூத்துக்குடியில் தோணிகளைத் தள்ளுகிறது. சீசன் முடிந்தால் கச்சானும் அடங்கும். இதைச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்த வில்பிரட்டுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் வேறு மலையும் வேறு சீசனும் இருப்பது தோன்றவில்லை. ஓட்டல் சரக்கு அனுப்புகிற மரியானுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கவும் வழியில்லை. 'ஆடி மாதம் மாதா கோயில் திருவிழா கழித்து' என்று எழுதியிருந்தால் போதும். கடற்கரையில் எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அப்படித்தான் சொல்லியிருப்பான். இவர் ஆபீஸ்காரர் அல்லவா, ஆபீஸ் வார்த்தை வந்து விழுந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது இங்கே நுணல் அல்ல.

சொல்லாமல் விட்டுவிடலாம். மரியானுக்கு எதுவும் தெரியாது. கடலின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் போய்விடுவான். வில்பிரட் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் குத்தால சீசனச் சொன்னேம்டே" என்றார் கடைசியில். "ஆவணிய நெனச்சு எழுதுனேன். தப்பு என்னுது மாப்ள. நாலு வருசமா ஊரெல்லாம் ஒன்னயக் கொலகாரன்னு சொல்லிருக்கேன்."

மரியான் காகிதத்தை எடுத்து மறுபடி மடித்தான். பிறகு, யாரோ பக்கத்தில் தூங்குவதுபோலத் தணிந்த குரலில் சொன்னான்: "அன்னிக்கே காத்து சரியில்ல மச்சான். எனக்கு மனசே இல்ல, ஒரு மாசம் கழிச்சுப் போன்னேன். அவதான் கேக்கல. 'எங்க அண்ணன் இப்பத்தான வரச் சொல்லிருக்கு? எங்க அண்ணன் சொன்னா கடலே கேக்கும்'னு சிரிச்சுக்கிட்டே ஏறுனா."

வில்பிரட் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஆபீசில் எல்லாரும் பார்க்க, குழந்தைபோல ஓவென்று அழுதார்.

மரியான் பத்து நாள் அவர் வீட்டில் தங்கினான். கிளம்புகிற அன்று, கப்பல் துறையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமாக எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டான்.

"இனி எந்த மாசம் வந்தா நல்லது மச்சான்?"

இருபது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவர் ஒருவருக்கும் சொல்லாத பதிலைச் சொன்னார்.

"ஜூன்ல வா. ஒம்பதாந்தேதி இங்கன இருக்கணும். கப்பல்ல வா, தோணியில வராத. அவ வார நேரம் அதுதான். நான் ஒத்தைக்கு நின்னு பாத்துட்டேன், நீயும் கூட வந்து நில்லு."