பனைகளுக்கிடையே போன படகு

போரால் வடகரையில் கடற்றொழில் தடைப்பட்ட பின் தம்பி தன் படகை நீரேரிக் கரையிலுள்ள கிளாலிக்குக் கொண்டுபோக முடிவெடுத்தான். தெற்கே போகும் தரைப்பாதை மூடிக் கிடந்ததால், அங்கே இருட்டியதும் ஆட்களை ஏற்றி நீரேரியின் அக்கரையில் இறக்கிவிடலாம். முதல் பயணத்தில் என் மகளும் போவதென்று ஆயிற்று. தெற்கே பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. ஓம் சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். அதன் பிறகு எனக்கு நித்திரை இல்லை. நீரேரியில் படகுகள் மீது துப்பாக்கிச் சூடு விழுந்த கதைகள் எங்கள் ஒழுங்கைக்கும் வந்திருந்தன.

பின்னேரம் புறப்பட்டோம். தம்பி உழவு இயந்திரத்தை ஓட்டினான். நான் அதன் மட்கார்டில் பின்பக்கம் பார்த்தபடி இருந்தேன். ட்ரெயிலரில் படகு; படகுக்குள் மகள், மடியில் பையோடு. வரணி தாண்டியதும் இரண்டு பக்கமும் பனைகள். சாய்ந்த வெயிலில் புழுதி பொன்னாய் எழும்பியது. அதற்கு மேலே வெள்ளைப் படகு மெல்ல ஆடி ஆடி வந்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் என் பிள்ளை மிதந்து வருகிறாள் என்று தோன்றியது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும், கரை வரவே வேண்டாம்.

அப்போதுதான் பணியாரம் சுடும் வாசம் வந்தது. பார்த்தால் சுற்றிலும் ஒரு வீடும் இல்லை. காலையில் அவளுக்குப் பயற்றம் பணியாரம் சுட்டிருந்தேன். போத்தலில் எண்ணெய் குறைந்திருந்ததால் நினைத்த அளவு சுட முடியவில்லை. அந்த வாசம்தான் கையில் ஒட்டியிருக்கிறதாக்கும் என்று விரல்களை மணந்து பார்த்தேன். வாசம் விரலில் இல்லை. காற்றில் வந்தது. அவள் சின்னப் பிள்ளையாக அடுப்படியில் குந்தியிருந்து முதல் பணியாரத்துக்குக் கை நீட்டிய காலத்துக்கு அது என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"மாமா, சில்லு புகையுது!" என்று படகுக்குள்ளிருந்து கத்தினாள்.

தம்பி நிறுத்தி இறங்கினான். ட்ரெயிலரின் இடப்பக்கச் சில்லின் நடுவே புறங்கையைக் கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வலப்பக்கம் இளஞ்சூடுதான். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன்.

"அக்கா, ஊத்தாதை! சூட்டிலை தண்ணி பட்டால் இரும்பு வெடிச்சுப் போகும்."

ஜாக்கி வைத்துச் சில்லை நிலத்திலிருந்து கிளப்பினான். சுற்றினால் அசையவில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினான், ஆட்டம் இல்லை. "பெயாரிங் நல்லாய் இருக்கு. பிறேக்தான் பிடிச்சு நிக்குது." ட்ரெயிலருக்குப் பூட்டியிருந்தது ஒரு பழைய வான் வண்டியின் அச்சு. உழவு இயந்திரம் வேகம் குறையும்போது படகின் பாரம் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் குழாய் வழியே எண்ணெய் போய் பிறேக்கை அழுத்தும். இப்போது அழுத்தியது விடவில்லை.

"மேடு பள்ளம் இல்லாத ஊரிலை உங்களுக்கு என்னத்துக்கு மாமா பிறேக்?" என்றாள் மகள்.

"உன்ரை கொம்மாவின்ரை பயத்தை நிப்பாட்டத்தான்." அவன் சிரித்தான். பிறகு சில்லைப் பார்த்து முகத்தைச் சுருக்கினான். "உள்ளுக்கை உப்புத் தண்ணி போய்த் துரு ஏறியிருக்கும். இதைக் கழட்டப் பொழுதுபட்டிடும். நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு. அந்தச் சொல் என் நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் போல இறங்கியது. இன்னும் ஓர் இரவு அவள் என் பாயில் படுப்பாள். மகள் இறங்கி வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குத் தவறினால் அடுத்த படகு எப்போது, நீரேரிப் பாதை திறந்திருக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

வாசம் சில்லிலிருந்துதான் வந்தது. காலையில் போத்தல் குறைந்திருந்ததும் அப்போதே நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் நான். மிச்சம் தானாக விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் நாளைக்குத்தான். பனை ஓலைகள் சரசரத்தன. மகள் என்னைப் பார்த்தாள்.

"டேய், இதுக்குள்ளை என்ன ஊத்தினனி?" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "பிறேக் ஒயில் இப்ப எந்தக் கடையிலை அக்கா விக்குது? உன்ரை போத்தலிலை கொஞ்சம்..."

"தேங்காய் எண்ணெயிலை றப்பர் ஊதிப்போகும். ஊதின றப்பர்தான் எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைச்சுக்கொண்டு நிக்குது. கசிஞ்சது சூட்டிலை பொரியுது. எண்ணெயைத் திறந்து விடு."

சில்லின் பின்னால் ஒரு சின்னத் திருகாணி. அதைத் தளர்த்தினான். எண்ணெய் சீறிப் பாய்ந்து புழுதியில் விழுந்தது. மகள் குனிந்து சில்லைத் தொட்டுத் தள்ளினாள். அது சுழன்றது. மற்றச் சில்லின் திருகாணியையும் தளர்த்திவிட்டு, சூடு ஆறும்வரை நின்றோம். பிறகு மகள் திரும்பப் படகில் ஏற, பிறேக் இல்லாமலே, நடக்கும் வேகத்தில் போனோம்.

கரையில் அவளை இறங்கச் சொல்லவில்லை. தம்பி ட்ரெயிலரைப் பின்னால் தள்ளித் தண்ணீருக்குள் விட்டான். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். கீழே தரை மட்டும் தண்ணீராக மாறியது. காத்திருந்தவர்களும் ஏறினார்கள். மங்கிய வெளிச்சத்தில் முதலில் அவளுடைய முகம் மறைந்தது, பிறகு படகு.

விடிந்து நெடுநேரம் கழித்துத் தம்பி வெறும் படகோடு திரும்பி வந்தான். நான் ட்ரெயிலரடியில்தான் இருந்தேன்.

"பிள்ளை போய்ச் சேந்திட்டாள், அக்கா. கூட வந்த ஆக்களுக்கும் குடுத்துத் திண்டவள். பணியாரம் போதாமல் போச்சாம்."

"காணாதுதான்," என்றேன். "போத்தலிலை எண்ணெய் எங்கை இருந்தது?"