என் பள்ளி விழாவுக்கு மாமா அழைத்த ஆள்

குளித்துவிட்டுத் திரும்பிப் போகலாமென்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். ஈரத் தலையோடு நிற்கும்போது அம்மா போனில் அழைத்தாள். "மாமா போயிட்டாவ" என்றாள். சிறுநீரகம் கெட்டுப்போன அவரை ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்த அசதியில் எனக்கு உடனே அழுகைகூட வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

சுடலைமுத்து மாமாவை உங்களில் பலர் முக்கூடல் பேருந்தின் நடத்துநராக அறிவீர்கள். என் அப்பா இறந்து சில ஆண்டுகள் கழித்து அம்மாவை மணந்தவர். "அப்பான்னு கூப்பிட வராட்டா மாமான்னே கூப்பிடு எம்மா. கூப்பிட்டாப் போதும்" என்று முதல் வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். அந்தக் கல்யாணத்தோடு, முக்கூடலில் இருந்த அப்பாவின் அண்ணன் எங்கள் உறவை அறுத்துக்கொண்டார். மாமாவின் பேருந்தில் ஏற நேர்ந்தால், பெரியப்பா சன்னல் பக்கம் திரும்பியபடியே சீட்டு வாங்குவாராம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியில், மாணவிகளைக் குடும்பத்தோடு மேடையேற்றி வழியனுப்பும் விழா நடந்தது. அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். கஞ்சி போட்ட வேட்டியில் பெரியப்பா வந்து நின்றதும் அம்மாவின் முகம் வெளிறியது.

"எங்க தம்பி மவ. மேடையில நாங்கதான் நிக்கணும்" என்றார் பெரியப்பா.

சண்டை வரப்போகிறதென்று நினைத்தேன். மாமா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க இல்லாமலா அண்ணாச்சி? எல்லாரும் ஏறுவோம். பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஆளு நிக்கட்டும்."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நால்வரும் ஏறினோம். சான்றிதழ் கொடுத்த தலைமையாசிரியை, "இதுல அப்பா யாரும்மா?" என்று கேட்டார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இவ அப்பா தவறிட்டாவ டீச்சர். இவிய அவருக்கு அண்ணன். அதே சாயல்" என்றார் மாமா. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமாவைக் காட்டி, "இவருதான் பிள்ளைய வளக்காரு" என்றார்.

வீடு திரும்பும்போது அம்மா கோபமாகக் கேட்டாள். "விழா நடக்குன்னு அவியளுக்கு யாரு சொன்னா?"

"பஸ்ஸுல வச்சு நாந்தான் சொன்னேன். அவ அப்பன் வீட்டுல இருந்து ஒரு ஆளாவது வரண்டாமா?" என்றார் மாமா.

அதன்பின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரியப்பா வந்துபோக ஆரம்பித்தார். மாமா நோயில் படுத்தபோது, முக்கூடலிலிருந்து அடிக்கடி வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். சுத்திகரிப்பு முடிந்து எழ முடியாமல் கிடக்கையிலும் வந்தவர்களைப் பார்த்து மாமா சிரிப்பார். பேசாமல் தூங்குங்கள் என்று நான் அதட்டினால், "அலுப்பு எனக்குல்லா? அத அவியளுக்கு எதுக்குக் காட்டணும்?" என்பார்.

இப்போது வீடு நிறைய ஆட்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இங்கேயே இருப்பேன் என்கிறார் பெரியப்பா. எனக்கு யாரிடமும் பேசத் தெம்பில்லை. கதவைச் சாத்திவிட்டுப் படுக்கத் தோன்றுகிறது. ஆனாலும் வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டால் எழுந்துபோய், "வாங்க, உக்காருங்க" என்கிறேன். மாமாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.