பூட்ஸுக்குப் புழுதி

குத்தகைக்காரர் வரப்பில் குந்தி, காய்ந்த மண்கட்டியை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துப் பொடிக்கிறார். பொடியை நிலத்துக்காரரின் பூட்ஸ் மேல் தூவி, தையல் ஓரங்களில் விரலால் தேய்த்துவிடுகிறார். பாலிஷ் போடுகிறவரின் அதே கவனம்; வேலைதான் தலைகீழ்.

"பேன்ட்ல படாமப் பண்ணுய்யா."

"சரிங்க."

ஊரில் அதுவே அவர் பெயர். 'சரிங்க வந்தாரா?' என்றுதான் விசாரிப்பார்கள். பதினோரு வருடமாக இந்த நாலு ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறார். விதை, உரம், முதுகு அவருடையவை. பத்திரம் நிலத்துக்காரருடையது, அரசு மானியம் பத்திரத்தின் பின்னாலேயே போய்விடும். அதற்கு வயலில் நிற்கும் விவசாயியின் படம் ஒன்று மட்டும் வேண்டும். ஒருமுறை மேலிடத்தில் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூட்ஸ் கண்ணாடியாய் மின்னியதாம். அன்று தொடங்கியது இந்தப் புழுதிச் சேவை.

மண்வெட்டியை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். சொந்த மச்சான் கேட்டே இல்லையென்றவர். "காம்பு வேற கைக்குப் பழகிடுச்சுன்னா அப்புறம் நம்ம பேச்சக் கேக்காது" என்பார். படம் எடுக்கும் நாளுக்கு மட்டும் விலக்கு. கூடவே தன் தொப்பியையும் கழற்றி நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடுவார்.

இந்த வருடம் மழை கைவிரித்துவிட்டது. மக்காச்சோளம் இடுப்பளவிலேயே சருகாய் நிற்கிறது. வறட்சி நிவாரணம் கிடைத்தால்தான் அடுத்த விதைப்பு. பயிர் வைத்தவர் அதிகாரியிடம் நேரில் சொன்னால் அவர் பெயரிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. சொன்னால் அடுத்த வருடம் நிலம் இருக்காது. சொல்லாவிட்டால் விதை இருக்காது.

"ஊருக்கெல்லாம் சரிங்க சரிங்கன்னு தேய்ஞ்ச வாய்தான? இன்னிக்கு ஒரு வாட்டி 'நாந்தாங்க'ன்னு சொல்லுங்க. சுளுக்கிக்காது," என்று காலையில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். வழிநெடுக அந்த ஒரு சொல்லை நாக்கில் உருட்டிக்கொண்டே வந்திருந்தார்.

வேளாண் அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி கைபேசியை உயர்த்துகிறார். "பயிர் வச்சது யாருங்க?"

"நாந்தாம்மா," என்கிறார் நிலத்துக்காரர், மண்வெட்டியின் அலகு தப்பான பக்கம் பார்க்க. "இவரு நம்ம வீட்டு ஆளு மாதிரி. என்னய்யா?"

அதிகாரி இவர் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார். கொஞ்சம் அதிகமாகவே காத்திருக்கிறார். இவர் வாய் திறக்கிறது. 

"மண்வெட்டியத் திருப்பிப் பிடிங்க," என்கிறார் நிலத்துக்காரரிடம். "கால்ல பட்டுடும்."

அதிகாரி நிலத்துக்காரரின் கைகளையும் இவர் கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, திரைக்குத் திரும்பிக்கொள்கிறார்.

"உங்க நிழல் படத்துல விழுது. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

நாலடி பின்வாங்குகிறார். வெயில் சாய்ந்திருக்கிறது, தலையின் நிழல் இன்னும் பூட்ஸின் மேலேயே கிடக்கிறது. இன்னும் இரண்டடி. அப்போதும் போகவில்லை. சருகுத் தட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்குள் இழுத்துக்கொள்கிறார்.