விதைக்காரர் கொடுத்த கோப்பை

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு விதைக்கடை. என் கணவர் இதய ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் கடைப்பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அவருக்குப் பதிலாக நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். டி.வி.யைப் போடுவார், அணைப்பார். உடனே கடைக்குப் போன் செய்து, "மக்காச்சோளம் லோடு வந்துச்சா?" என்பார். வந்துவிட்டது என்றால், "மூட்டய செவுத்தோட ஒட்டி அடுக்க வுடாத" என்பார்.

எங்கள் ஒரே மகன் நியூயார்க் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். அத்தா என்று அவன் கூப்பிடும் இவரை எப்படியாவது ஓரிடத்தில் உட்கார வைக்க நினைத்துத்தான் ஒரு கோப்பையைப் பற்றிச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணி அணியாக மோதும் கோல்ஃப் போட்டி.

"அந்தக் கப்பக் குடுத்தவரு யாரு தெரியுமா அத்தா? ஒங்கள மாதிரி வெத வியாபாரி. இங்கிலாந்துல சின்னச் சின்னப் பாக்கெட்ல வெத போட்டு தபால்ல வித்தவரு. வயசான பொறவு ஒடம்பு சரியில்லாமப் போயி, காத்தாட நடக்கறதுக்காக கோல்ஃப் ஆட ஆரம்பிச்சாரு."

என் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "பாத்தியா? வெத வியாபாரி!"

அன்றிலிருந்து கேபிளில் எங்கே கோல்ஃப் வந்தாலும் பார்த்தார். ஒவ்வொரு வாரமும் மகனிடம் அந்தப் போட்டியின் கதையைக் கேட்டு வைத்துக்கொள்வார். மறுநாள் டாக்டர் பேச்சை மீறிக் கடைக்கு வந்து, விதை வாங்க வந்தவர்களிடம் சொல்வார். முதலில் பிரிட்டன் மட்டும் அமெரிக்காவோடு மோதித் தோற்றுக்கொண்டே இருந்ததாம். பிறகு மற்ற ஐரோப்பிய நாட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஜெயிக்க ஆரம்பித்ததாம். ஒரு தடவை, கடைசிப் பந்தை எதிராளி குழிக்குள் தட்ட வேண்டிய நேரத்தில், தட்ட வேண்டாம், விழுந்ததாகவே வைத்துக்கொள்வோம் என்று ஓர் அமெரிக்கர் விட்டுக்கொடுத்தாராம். போட்டி சமமாக முடிந்ததாம்.

தியாகதுருகத்திலிருந்து வரும் விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி பாய், ஒரு பந்த உருட்டறதுக்கு இம்மாம் நெலமா? அதுல இன்னா வெளயுது?" என்றார்.

"புல்லு."

"மாடு மேயுமா?"

"வுடமாட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உளுந்து விதையை வாங்கிப் போனார்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் போட்டி. நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் பார்க்கலாம் என்று அவர் காத்திருந்தார். அதற்குள் நியூயார்க் கோபுரங்களில் விமானங்கள் மோதின. நான் கடையில் இருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் ஓடி வந்து, "ஒங்க பையன் எந்த ஊர்ல கீறாருங்க?" என்று கேட்டார். ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். லைன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அவர் போனுக்கும் வாசலுக்கும் நடந்தார். நானும் நடந்துகொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் மகன் பேசினான். நல்லா இருக்கிறேன் என்றான். அடுத்த வாரம் பேசியபோது, "தாடிய எடுத்துட்டேம்மா" என்றான், முடி வெட்டிக்கொண்டதைச் சொல்வது போல. தாடி வைத்த நம் ஆட்களை அங்கே அடிக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். போட்டியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான்.

"உலக யுத்தத்தப்பவும் நிறுத்தி வச்சிருந்தாங்க. அப்புறமா ஆடுனாங்க" என்றார் இவர். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

போட்டியின் கடைசி நாளாக இருந்திருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. "வா, மலைக்குப் போயிட்டு வரலாம்" என்று வாடகைக் காரை வரவழைத்துவிட்டார். சாயங்காலம் மகன் பேசுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏறினேன். கச்சிராயபாளையம், வெள்ளிமலை தாண்டிக் கரியாலூர் வரை போனோம்.

அங்கே ஒரு புல் சரிவில் இறங்கி, கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துப் போட்டு அடித்தார். முதல் அடி மண்ணில் பட்டது. இரண்டாவது அடியில் பந்து பறந்து கீழே இருந்த சாமைக் கொல்லைக்குள் விழுந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா தேடறீங்க?"

"பந்தும்மா."

"பேரப் புள்ளைதா?"

"என்னுது" என்றார் அவர். அவள் சிரித்துவிட்டு, பயிரை மிதிக்காமல் வரப்போடு வந்து தேடச் சொன்னாள். பந்து கிடைக்கவில்லை. மேலே ஏறி வரும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பயந்துபோய்ப் பாறையில் உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒன்னாண்ட சொல்லல. நீ கடைக்குப் போனப்ப அவனுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் வுட்டுட்டு வந்துடுடான்னேன். மாட்டேன்னுட்டான்."

"நானும் கேட்டேங்க, கடையிலேர்ந்து" என்றேன். "எங்கிட்டயும் அதத்தான் சொன்னான்."

அவர் தண்ணீர் பாட்டிலை மூடி என்னிடம் நீட்டினார். "ரெண்டு பேருமா சேந்து கேட்டிருந்தா?"

"அப்பவும் மாட்டான். ஒங்க புள்ள."

அதற்குச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். திரும்பும் வழியெல்லாம் நான்தான் டிரைவரை வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒரு வருஷமும் போன் மணி ஒவ்வொன்றுக்கும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் மறுபடி கடைக்கு வர ஆரம்பித்தார், காலையில் மட்டும். தள்ளிவைத்த போட்டி ஒருவழியாக வந்தது. மூன்று நாளும் அவர் டி.வி. முன்னால் அசையாமல் உட்கார்ந்தார். மைதானத்துப் பேனர்களில் போன வருஷத்தையே போட்டிருந்தார்கள்.

"பாரு, வருஷத்த மாத்தவே இல்ல" என்று காட்டினார்.

கடைசி நாள் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ம்மா, டிசம்பர்ல வரேன். லீவு குடுத்துட்டாங்க. ஆனா திரும்பிப் போவணும், இப்பவே சொல்லிட்டேன்."

"வா. மொதல்ல வா" என்றேன். போனை அவரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். மகன் அறையைத் திறந்தேன். மெத்தையில் புழுக்க வாடை. டிசம்பருக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன, வெளியே இருட்டியும் விட்டிருந்தது. அப்படியும் மெத்தையைக் காயப்போட மொட்டை மாடிக்கு இழுக்க ஆரம்பித்தேன்.

கீழே அவர் கை தட்டினார். "ஐரோப்பா ஜெயிச்சிடுச்சி! எங்க போயிட்ட? வந்து பாரு!"

"இருங்க, வரேன்" என்றேன். மெத்தை கதவு நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது.