தாய்மாமன் நின்று போட்ட மாலை

போன ஆவணியில் கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மணப்பெண் என் அக்காவின் மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன்தான் போடவேண்டும். அவளுக்கு ஒரே மாமன் நான். குண்டசாலையில் ஆட்டோ ஓட்டியவன், வண்டி பள்ளத்தில் புரண்டு முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறேன். இடுப்பில் பலம் உண்டு, தொடைதான் சொன்னபடி கேட்காது. உட்கார்ந்தே போடு என்றார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நின்றுதான் போடுவேன் என்றேன்.

கண்டியில் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் தொடையில் பட்டைகளை ஒட்டிக் கரண்ட் கொடுப்பார்கள். தசை இறுகி, முழங்கால் நிமிர்ந்து, எழுந்து நிற்பேன். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிடுவேன். கரண்டைக் கூட்டச் சொல்லி நச்சரித்தேன். பயிற்சி கொடுத்த யாழ்ப்பாணத்துப் பெண் மசியவில்லை.

“கூட்டினா தசை இன்னும் கெதியா களைச்சுப் போகும் அண்ணா. ஒரே ஆள் எவ்வளவு நேரம் தூக்குவான்?” என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தோட்டத்துக் கோயிலில் சாமி தூக்கியவன் நான். ஆள் மாற்றாமல் ஊர்வலம் போகுமா? அவள் கூடுதலாகப் பட்டைகளை ஒட்டி, தசையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது மற்றது இளைப்பாறும்படி கரண்டை மாற்றி மாற்றி விட்டாள். துடிப்பின் வேகத்தையும் குறைத்தாள். நடுவில் நல்ல ஓய்வு. மாதக்கணக்கில் பழகினேன். கல்யாணத்துக்கென்று அந்தச் சின்னக் கரண்ட் மெஷினையும் கையில் கொடுத்தனுப்பினாள்.

கல்யாணத்தன்று காலையில் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த சொந்தக்காரர்களையெல்லாம் என்னிடம் கூட்டிவந்து நின்று காட்டச் சொன்னாள். கலகெதரப் பெரியப்பாவுக்காக ஒரு தடவை நின்றேன். தொடை இலேசாக நடுங்கியது. அத்தோடு சுவிட்சை அணைத்து, மெஷினை மடியில் பொத்திக்கொண்டேன். அடுத்து வந்த சித்தப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

முகூர்த்த நேரம் வந்தது. அத்தான் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டு எழுந்தேன். மாலைக்கு இரண்டு கையும் வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஐயரோ மந்திரத்தை இழுத்துக்கொண்டே போனார். தொடை தாங்கியது. என் நாற்காலிக்கு ஏற்றபடி குனிந்தே பழகிய பிள்ளை, அன்றும் குனிந்தாள்.

“குனியாத தங்கம். மாமா நிக்கிறேன்ல.”

நிமிர்ந்தாள். மாலையைப் போட்டேன். அக்கா அழுதாள், நானும்தான்.

இப்போதும் நாளெல்லாம் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் நின்று காட்டாமல், அவளுக்காக என் பலத்தைச் சேர்த்து வைத்தேனே, அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.